இருவாச்சிக்குப் பூசிய சுவர்

இருங்க மரைக்காயரே, இப்பம் சொல்லிராதீங்க. ஊர்லேருந்து தாக்கல் கொண்டாந்திருக்கீங்கன்னு ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. நல்லதா கெட்டதான்னுதான் தெரியல. ஒங்க கப்பல் வந்து நிக்குன்னு கேள்விப்பட்டதும் ஓட்டமும் நடையுமா வந்தவன்தான் நான். இந்த ஊருத் தெருவெல்லாம் வழி கேட்டுக் கேட்டு வந்தேன். வந்து ஒங்களப் பாத்த பொறவு, காது ரெண்டையும் பொத்திக்கிடலாமான்னு இருக்கு. நான் மொதல்ல பேசிக்கிடுதேன். நம்ம பாசையில வாயத் தொறந்து மாசக்கணக்காச்சு. அந்தப் பறவைகிட்ட மட்டுந்தான் பேசுதேன், அது என்னத்தப் பதில் சொல்லும்?

கஞ்சி மணக்கு. நீங்க காச்சினதா? கப்பல்ல பண்டாரி வேல பாக்கவரு கை தனிதான். குடுங்க, குடிக்கேன். பக்கத்துல இருக்க இந்த அண்ணன் யாரு, புதுசா? நாகூரா? சந்தோசம். அண்ணே, நீங்களும் கேளுங்க. மரைக்காயருக்குப் பாதிக் கத தெரியும், ஒங்களுக்கு மொதல்லேருந்து சொல்லுதேன்.

நம்ம பேரு பேச்சிமுத்து. குத்தாலத்துல ஒரு துரை பங்களாவுல தோட்டக்காரன். மலையிலேருந்து காணிக்காரரு ஒருத்தரு ரெண்டு இருவாச்சிக் குஞ்சு கொண்டாந்து துரைகிட்ட குடுத்தாரு. ஆணு ஒண்ணு, பொட்ட ஒண்ணு. நான்தான் ஆலம்பழமும் அத்திப்பழமும் ஊட்டி வளத்தேன். இருவாச்சி பாத்திருக்கீங்களா அண்ணே? மூக்கு இந்தா இந்தத் தண்டி இருக்கும். அதுக்கு மேல இன்னொரு மூக்கக் கவுத்து வச்சாப்புல ஒரு கொண்ட. பறந்தா றெக்கச் சத்தம் ஆத்துக்கு அங்கிட்டு நிக்கவனுக்குக் கேக்கும். துரைக்கு என்ன தோணுச்சோ, சீமையில இருக்க மிருகத் தோட்டத்துக்குக் குடுக்கேன்னு எழுதிப் போட்டுட்டாரு. "பேச்சிமுத்து, நீயும் கூடப் போ. ஒரு குளிரு தாண்டி அதுக பழகிட்டா ஒன்னத் திருப்பி அனுப்பிருவாங்க"ன்னாரு. சொன்ன மனுசன், நான் கப்பல் ஏறின கொஞ்ச நாள்லயே பேதியில போய்ச் சேந்துட்டாரு. செத்தவரு குடுத்த வாக்குக்கு இங்கன யாரு சாட்சி?

வெசனமெல்லாம் எனக்கு ஆவுடையப் பத்தித்தான். எம்பொஞ்சாதி. கல்யாணம் ஆயி ஒரு பொங்கல்தான் சேந்து பொங்குனோம். தாயும் இல்ல தகப்பனும் இல்ல அவளுக்கு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. தண்ணிக்குப் போனா, போன எடத்துல ஒரு கூட்டம் நின்னு கத கேக்கும். ஊருக் கண்ணு நல்ல கண்ணா அண்ணே? அவளத் தனியா விட்டுட்டு நான் கடலத் தாண்டி வரணும். ராப்பகலா யோசிச்சேன். கடைசியில இந்த இருவாச்சிகிட்டத்தான் புத்தி படிச்சேன்.

ஏன் சிரிக்கீங்க? மலையில நானே பாத்திருக்கேன். முட்டையிடுத காலம் வந்தா பொட்ட ஒரு மரப்பொந்துக்குள்ள போயி ஒக்காந்துக்கிடும். ஆணு சேறும் தொளியுமாக் கொண்டாந்து குடுக்கும், பொட்ட உள்ள இருந்துக்கிட்டே வாசல அப்பி அடச்சிரும். மூக்கு நீட்டுத அளவுக்கு ஒரு சந்துதான் பாக்கி. அது வழியா ஆணு பழத்த ஊட்டும். பொட்ட றெக்கையெல்லாம் உதுத்துப் போட்டுட்டு உள்ளயே இருக்கும். பாம்பு அண்டாது, பருந்து அண்டாது. அதவிடப் பத்திரமான எடம் ஒலகத்துல உண்டா, நீங்களே சொல்லுங்க.

அதனால எங்க வீட்டு வாசலையும் அடச்சுட்டேன்.

அப்பிடிப் பாக்காதீங்க அண்ணே. உள்ளயே கெணறு இருக்கு, அடுப்படி இருக்கு, வெயில் விழுத முத்தம் இருக்கு. முன்வாசல மட்டுந்தான் பச்சமண்ணுக் கல்லு வச்சுப் பூசினேன். பின்வாசல் எங்க வீட்டுக்குக் கெடையாது. ஒரு அரிசிப்படி நொழையுத அளவுக்குச் சந்து விட்டிருக்கேன். எந்தம்பி கோட்டமுத்து வாராவாரம் அரிசி பருப்பு கொண்டாந்து அது வழியா குடுக்கணும்னு பேச்சு. மத்த ஆளுக ஒருத்தரும் வாசப்பக்கம் போகக் கூடாதுன்னு தெருவுல வீடு வீடாச் சொல்லிட்டு வந்தேன். நான் கொடுமக்காரன் இல்ல. கேட்டுத்தான் செஞ்சேன். "சரி"ன்னா. உள்ள இருந்து அவளேதான் மண்ணு கொழச்சுக் கொழச்சுக் குடுத்தா. கண்ணு கலங்கிக் கெடந்துச்சு, மண்ணுத் தூசி அப்பிடிப் பறக்கு. நடுவுல ரெண்டு தடவ எந்திரிச்சுப் போயி வாந்தி எடுத்தா. மண்ணுல சாணி சேத்திருந்தோம்லா, அந்த வாட. கடைசிக் கல்லு வைக்கும்போது, "சாஸ்தா மேல ஆணையா, நீங்க வார வரைக்கும் தாண்ட மாட்டேன்"னா. எதுத்து ஒரு சொல்லு சொல்லல. அப்பேர்ப்பட்டவ அண்ணே.

கப்பல்ல பறவைக ரெண்டும் பட்ட பாட்ட விடுங்க. நான் பட்டது அதுக்கு மேல. இங்கன வந்து எறங்கினா, கண்ணாடி போட்ட கூண்டு, சுத்தி வெந்நிக் கொழாய். பறவைக்கு அம்புட்டு ஒபசாரம். எனக்கு ஒரு தலப்பாவும் சரிகச் சட்டையும் குடுத்து, கூண்டுக்குப் பக்கத்துல நில்லுன்னு சொல்லிட்டாவ. நம்ம ஊருல நான் தலப்பா கெட்டினதே கெடையாது, கலியாணத்துக்குக் கூட. வெள்ளக்காரிக கொடையப் பிடிச்சுக்கிட்டு வருவாளுக. மொதல்ல பறவையப் பாப்பாளுக, பொறவு என்னப் பாப்பாளுக, பொறவு பறவையப் பாப்பாளுக. ஒருத்தி எனக்கும் ஒரு ரொட்டித் துண்ட நீட்டினா. வாங்கித் தின்னுட்டேன், பசி. அத நெனச்சு நெனச்சு பெர்கின்ஸ் இன்னிக்கு வரைக்கும் சிரிக்கான்.

பெர்கின்ஸுங்கது கூண்டுக்காரன். நல்லவந்தான், குளிருக்குத் தன் கோட்டக் கழத்திக் குடுத்தவன். எம்பேரு வாயில நொழையாம பீச்சி பீச்சிம்பான். ஆனா இருவாச்சியப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? நம்ம மலைப் பறவ அது.

மொதக் குளிரு தாண்டுச்சு. என்ன அனுப்பிருங்கன்னு பெரிய துரை கால்ல விழுந்தேன். அந்தத் தோட்டத்துக்கே அவருதான் அதிகாரி. காலப் பின்னால இழுத்துக்கிட்டாரு, யாரும் விழுந்து பாத்ததில்ல போல. "இந்தச் சோடி இங்கன ஒரு குஞ்சு பொரிக்கட்டும். குஞ்சு வெளிய வார அன்னைக்கே ஒனக்குக் கப்பல்"ன்னாரு. அதுலேருந்து எனக்கு வேற நெனப்பு இல்ல. குஞ்சு. குஞ்சு வந்தா கப்பல், கப்பல் வந்தா ஊரு, ஊரு வந்தா நானே கடப்பாரைய எடுத்து அந்தச் சுவர இடிச்சு ஆவுடைய வெளிய கூட்டிட்டு வருவேன். தெருவே நின்னு பாக்கும்.

அப்பந்தான் மரைக்காயரே, போன தடவ ஒங்களப் பாத்தேன். ஒங்க அக்காவக் கெட்டிக் குடுத்தது தென்காசின்னீங்க. எனக்குச் சாமி எதுக்க வந்தாப்புல ஆச்சு. எங்க வீட்டுக்கு ஒரு எட்டு போயி, அந்தச் சந்து பக்கத்துல நின்னு, "வந்துருவான், பொறுத்துக்கோ"ன்னு ஒரு வார்த்த சொல்லச் சொன்னேன். சொன்னீங்களா? வேண்டாம். இப்பம் சொல்லாதீங்க. தலையாட்டவும் வேண்டாம், சும்மா இருங்க.

இந்த வருசம் அதுக சோடி சேந்துச்சு. ஒரு பெரிய சாராயப் பீப்பாய மேல தூக்கிக் கெட்டி, முன்னால ஓட்ட போட்டுக் குடுத்தோம். ஒரு நாளு பொட்ட உள்ள போச்சு. போனது வரல. ஆணு தொளிய அள்ளிட்டுப் போச்சு. அண்ணே, நான் அன்னைக்கு அழுதேன், வெக்கத்த விட்டுச் சொல்லுதேன். நாலஞ்சு நாள்ல வாசல அடச்சிருச்சு. சீமச்சனம் பூரா கூண்டு முன்னால. சேதிக் காயிதக்காரன் வந்து படம் வரைஞ்சுட்டுப் போனான். பெரிய துரை என் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. ஆணு ஓடி ஓடி ஊட்டுச்சு. திராச்சப் பழம், அவிச்ச முட்ட, சுண்டெலி, எதக் குடுத்தாலும் தான் தின்னாம மொதல்ல சந்துக்குக் கொண்டு போவும். அதப் பாத்து நான் சொல்லிக்கிடுவேன், எந்தம்பியும் இப்பிடித்தான் கொண்டு போவான்னு.

பொறவு இந்தப் பாழாப்போன மூடுபனி வந்துச்சு. மூணு நாளு எதுக்க நிக்கவன் மொகம் தெரியல. ஆணுக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு. வெந்நிக் கொழாய் பக்கத்துல மூக்க வச்சுக்கிட்டு நின்னது நின்னபடியே செத்துப் போச்சு. மூக்குல ஒரு திராச்சப் பழம் இருந்துச்சு மரைக்காயரே. அதத் தின்னுட்டாவது செத்திருக்கலாம்.

நான் விட்டுருவனா? குச்சி ரெண்ட எடுத்து இடுக்கி மாதிரி கெட்டி, ஏணி மேல ஏறி நானே சந்து வழியா ஊட்டினேன். வாங்கித் தின்னுச்சு. எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு. கொஞ்ச நாளு அப்பிடித்தான் ஓடுச்சு. பொறவு தின்னுத வாயாலயே சுவரக் கொத்த ஆரம்பிச்சுட்டு. கொத்துது, கொத்துது, ஒரு கை அகலத்துக்குப் பேத்துருச்சு. அது வெளிய வந்தா முட்ட சூடு ஆறிரும். முட்ட ஆறினா குஞ்சு இல்ல. குஞ்சு இல்லன்னா எனக்குக் கப்பல் இல்ல. கொளத்துச் சேத்த அள்ளிட்டு வந்து அப்பினேன். மறுநாளு பேத்துச்சு. நானும் அப்பினேன். அது பேக்க, நான் அப்ப.

பெர்கின்ஸ் பாத்துட்டான். "விட்டுரு பீச்சி, அவ வெளிய வரணும்ங்கா. ஆம்பள செத்தது அவளுக்குத் தெரியும். அந்த முட்டையெல்லாம் எப்பவோ கூமுட்டையாப் போயிருக்கும்"ன்னான். எனக்கு வந்துச்சே கோவம்! றெக்க உதுந்து கெடக்கவ வெளிய வந்து எங்க போவா? கீழ விழுந்து கால ஒடிச்சுக்கிட மாட்டாளா? நான் அதுக்கு நல்லதுதான செய்யுதேன்? கூமுட்டைன்னு சொல்லுததுக்கு இவன் பொந்துக்குள்ள போயிப் பாத்தானா? "நீ ஒம் பொஞ்சாதியக் கண்டபடி சந்தைக்கு அனுப்புதவன், ஒனக்கு என்னலே தெரியும்"னு நம்ம பாசையிலேயே ஏசினேன். அவனுக்குப் புரியல. என் தோளத் தட்டிட்டுப் போயிட்டான், சவத்துப்பய.

இன்னிக்குக் காலையில போயிப் பாத்தா, பாதிச் சுவரு இல்ல. தலைய வெளிய நீட்டிக்கிட்டுப் பாக்குது. வெள்ளக் கண்ணு, அப்பிடியே என்னப் பாக்குது. மேலெல்லாம் வத்தி, எலும்புந் தோலுமா இருக்கு. தலையப் பிடிச்சு உள்ள தள்ளினேன். கடிச்சிருச்சு, இந்தா பாருங்க, சத கிழிஞ்சுருக்கு. சேறு இனிமே நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. யானைக் கொட்டடிக்குப் புதுச் சுவரு எழுப்புதாவ, அங்கன சுண்ணாம்புச் சாந்து கொழச்சு வச்சிருந்துச்சு. சட்டியில அள்ளிட்டு வந்து நல்லா கனமா பூசிட்டேன். மூக்கு நொனி வார அளவுக்கு மட்டும் சந்து. இனிமே கொத்தட்டும், மூக்குத்தான் வலிக்கும். ஞாயித்துக்கெழம சனத்த உள்ள விட மாட்டாவ, கூட்டம் கெடையாது, பெர்கின்ஸும் கோயிலுக்குப் போயிட்டான். நான் இங்க ஓடி வந்துட்டேன். சாயங்காலம் போயி ஊட்டிக்கிடலாம்.

அவ்வளவுதான். பேசிட்டேன். கஞ்சியும் ஆறிப் போச்சு. இனி நீங்க சொல்லுங்க மரைக்காயரே. பைய சொல்லுங்க. போனீங்களா? சந்து பக்கத்துல நின்னீங்களா?

சந்து இல்லையா?

சுவரே இல்லையா? மழையில கரைஞ்சிருக்கும். சாரலு இந்த வருசம் பலமோ என்னவோ... மழையில்லையா? பொறவு? ஒலக்கையாலயா? உள்ள இருந்தா? எப்பம்? நான் போன ரெண்டாம் மாசமேவா? ரெண்டு மாசம்! கேட்டீங்களா அண்ணே, ரெண்டே மாசம்! சாஸ்தா மேல ஆணை வச்சவ! நான் இங்கன பனியில நின்னு ரொட்டித் துண்டு தின்னுக்கிட்டு, அவ உள்ள பத்திரமா இருக்கான்னு ஒவ்வொரு நாளும் நெனச்சு நெனச்சு... இருங்க, கையப் பிடிக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

கோட்டமுத்து எங்க போனான்? கொழும்புக்கா? காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவங்கூடவேவா? ஒருத்தர்ட்டயும் சொல்லாமலா? அந்த மூதி எங்கிட்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினானே. அப்பம் அரிசி யாரு குடுத்தா? தெருவுல ஒருத்தருமா? எதுத்த வீடு ஒண்ணு இருக்கே, அவுகளுமா? ஆமா. நான்தான் சொல்லிட்டு வந்தேன், கிட்டப் போகக் கூடாதுன்னு. நான் சொன்னா அம்புட்டு மதிப்பா என்ன, அந்த ஊருல? மத்த எதுக்கும் மதிச்சதில்லையே.

கெணத்துத் தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டா? எத்தன நாளு? வேண்டாம், சொல்லாதீங்க. கூப்பிட்டாளா? சந்துல வாய வச்சுக் கூப்பிட்டாளா? பேயி புடிச்சுக் கத்துதான்னு சொல்லிட்டுப் போனாவளா? யாரு அப்பிடிச் சொன்னா? எல்லாருமா.

இப்பம் எங்க இருக்கா? ஒங்க அக்கா வீட்டுலயா! தென்காசியிலயா! நெல்லு குத்துதாளா? இருக்காள்லா, உசிரோட இருக்காள்லா? ஒங்க அக்கா நல்லா இருக்கணும், அவுக புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கணும். கூட யாரு? புள்ளையா? யாரு புள்ள?

அப்பிடிப் பாக்காதீங்க மரைக்காயரே. கேக்கத்தான செய்வான் மனுசன். ரெண்டு வருசமா ஊருல இல்லாதவன் கேக்க மாட்டானா? நடக்குதா? பிடிச்சுக்கிட்டு நடக்குதா? பொட்டப்புள்ளையா? இருங்க. நான் விரல விட்டு ஒரு எண்ணு எண்ணிக்கிடுதேன்.

சாணி வாடைன்னுல்லா நெனச்சேன்.

வாந்தி எடுத்தாளே அண்ணே, ரெண்டு தடவ. நான் வெளிய நின்னுக்கிட்டு, வெரசா கொழ, மண்ணு காயுதுன்னு ஏசினேன். ஏன் எங்கிட்ட சொல்லல? அவ சொல்லியிருந்தா நான் அடச்சிருப்பனா? அடச்சிருப்பேன். பத்திரமா இருக்கட்டும்னு சொல்லி அடச்சிருப்பேன். நான் அப்பிடிப்பட்டவந்தான். எம்புள்ளைய உள்ள வச்சு நானே பூசியிருக்கேன் மரைக்காயரே.

என்ன தாக்கல் சொல்லி விட்டா? அவ வாயால சொன்னத அப்பிடியே சொல்லுங்க, ஒரு சொல்லு கூட்டாம கொறைக்காம. "உள்ளயே செத்திருந்தா, எம்பொஞ்சாதி அப்பேர்ப்பட்டவன்னு ஊரு ஊராச் சொல்லியிருப்பாரு. இப்பம் வெளிய வந்து உசிரோட இருக்கேன். இப்பம் என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வாங்க"ன்னாளா?

அப்பிடியேவா சொன்னா? சிரிச்சுக்கிட்டா, அழுதுக்கிட்டா? ரெண்டும் இல்லையா?

நான் என்ன சொல்ல? என்னத்தச் சொல்லி விட? ஒங்க கப்பல் எப்பம் கெளம்பும்? அதுக்குள்ள யோசிக்கேன். எனக்கு யோசிக்க வரல மரைக்காயரே, தலைக்குள்ள அந்தக் கொத்துத சத்தந்தான் கேக்கு. இன்னிக்குக் காலையில அது கத்துச்சு. நான் கடைசியாச் சாந்த அப்பும்போது, அந்தச் சந்துல மூக்க வச்சுக் கத்துச்சு. பசிக்குன்னு நெனச்சு ஒரு பழத்தக் காட்டினேன். வாங்கல. திரும்பவும் கத்துச்சு. நான் தலப்பாவச் சுத்திக்கிட்டு எறங்கி வந்துட்டேன்.

எந்திரிங்க. அண்ணே, நீங்களும் எந்திரிங்க. ஒங்க கப்பல்ல கடப்பாரை இருக்கும்லா, இல்ல சுத்தியலாவது? தூரந்தான், ஓடினா போயிரலாம். தொணைக்குப் பெர்கின்ஸக் கூப்பிடலாம்னா அவன் வீடு எனக்குத் தெரியாது, கோயிலும் எதுன்னு தெரியாது. கேட்டுக்கிட்டே போவோம். மரைக்காயரே, நீங்க ஊருல வீடு கெட்டினவரு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க, சுண்ணாம்புச் சாந்து எறுக எம்புட்டு நேரம் ஆகும்?